கவுண்ட் நார்மல் ஆயிடுச்சு, மாத்திரையை நிறுத்திடலாமா?

"டாக்டர், வெள்ளை அணு கவுண்ட் நார்மல் ஆயிடுச்சே, இன்னும் எதுக்கு இந்த மாத்திரை?"

சி.எம்.எல். என்கிற ரத்தப் புற்றுநோய்க்கு இமாட்டினிப் சாப்பிடுபவர்கள் அதிகம் கேட்கும் கேள்வி இது. கேட்டால்கூடப் பரவாயில்லை, பதில் சொல்லிவிடலாம். கேட்காமலே நிறுத்திவிடுகிறார்களே, அவர்களுக்காகத்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம், பொறுத்துக்கோங்க.

நம் செல்களுக்குள் கைனேஸ் என்ற புரதங்கள் 500க்கும் மேல் இருக்கின்றன. ஏடிபி-யிலிருந்து ஒரு பாஸ்பேட்டை எடுத்து இன்னொரு புரதத்தின் மேல் ஒட்டுவதுதான் இவற்றின் வேலை. ஒட்டியதும் அந்தப் புரதம் முழித்துக்கொள்ளும், இல்லை அடங்கிவிடும். "வளரு", "ரெண்டாப் பிரி" என்ற கட்டளைகள் செல்லுக்குள் இப்படித்தான் போகின்றன. ஸ்விட்ச் போர்டு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

சி.எம்.எல்.லில் 9ஆம் குரோமோசோமும் 22ஆம் குரோமோசோமும் துண்டுகளை மாற்றிக்கொள்கின்றன. அப்படிக் குட்டையாகிப்போன 22ஐ 1960ல் பிலடெல்பியாவில் நோவெல், ஹங்கர்ஃபோர்ட் இருவரும் மைக்ராஸ்கோப்பில் பார்த்தார்கள். அது இடமாற்றத்தால் வந்தது என்று 1973ல் கண்டுபிடித்தவர் ஜேனட் ரவ்லி. இந்த மாற்றத்தில் ஏபிஎல் என்ற கைனேஸ், பிசிஆர் என்ற ஜீனோடு ஒட்டிக்கொள்கிறது. அதன்பின் ஸ்விட்ச் ஆன்லயே மாட்டிக்கும். மஜ்ஜை வெள்ளை அணுக்களை உற்பத்தி பண்ணிக்கிட்டே இருக்கும்.

ஏடிபி வந்து உட்காரும் அந்தக் குழியில் போய் உட்கார்ந்துகொள்வதுதான் இமாட்டினிப். நிக்கோலஸ் லைடன், பிரையன் ட்ரூக்கர் போன்றவர்களின் உழைப்பு. 2001 மே மாதம் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. முதல் பெரிய ஆய்வில் இதை எடுத்துக்கொண்டவர்களில் பத்து வருடம் கழித்தும் சுமார் 83 சதவீதம் பேர் உயிரோடு இருந்தார்கள். அதற்கு முன்பு இன்டர்ஃபெரான் ஊசி, இல்லையென்றால் மஜ்ஜை மாற்று சிகிச்சை. வேறு பெரிய வழி கிடையாது.

இங்கேதான் கவனிக்கணும். மாத்திரை ஸ்விட்சை அடைத்து வைக்கிறது, அவ்வளவுதான். நோயின் வேர் செல்கள் பலருக்கு உள்ளேயே இருக்கும். மருந்து ரத்தத்தில் பாதியாகக் குறைய சுமார் 18 மணி நேரம். அதனால்தான் தினமும். கவுண்ட் நார்மல் என்றால் கண்ணுக்குத் தெரிகிற கூட்டம் கலைந்திருக்கிறது என்று அர்த்தம். நோய் செல்கள் அப்போதும் கோடிக்கணக்கில் இருக்கலாம். அதைக் காட்டுவது சாதாரண ரத்தப் பரிசோதனை அல்ல, பிசிஆர் டெஸ்ட். (ஜீன் பேரும் டெஸ்ட் பேரும் தமிழில் ஒரே மாதிரி வருது, என்ன செய்ய! கொரோனாவுக்கு மூக்கில் குச்சி விட்டு எடுத்தோமே, அதே முறை. இங்கே ரத்தம்.)

2010ல் வெளிவந்த லண்டன் ஆய்வு ஒன்று. மாத்திரை டப்பாவின் மூடியிலேயே சிப் வைத்து, எத்தனை முறை திறந்தார்கள் என்று எண்ணினார்கள். 90 சதவீதத்துக்கு மேல் சரியாகச் சாப்பிட்டவர்களில் பெரும்பாலானோருக்கு நோய் மிகக் குறைந்த அளவுக்கு இறங்கியது. அதற்குக் கீழே போனவர்களில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு. 90 சதவீதம்னா என்ன? மாசத்துக்கு மூணு மாத்திரை மறப்பது. அவ்வளவு மெல்லிய கோடு.

ஏன் நிறுத்துகிறார்கள்? கண் இமை வீங்குது, கெண்டைக்கால் பிடிச்சு இழுக்குது, குமட்டுது, தோல் வெளுத்துப்போகுது. எல்லாம் உண்மை. சாப்பாட்டோடு, ஒரு பெரிய டம்ளர் தண்ணீரோடு எடுத்தால் குமட்டல் குறையும். மற்றதையும் டாக்டரிடம் சொல்லுங்க, வழி இருக்கு. டிபி மருந்து ரிஃபாம்பிசின் இமாட்டினிப் அளவைக் குறைத்துவிடும், அதையும் மறைக்காதீங்க. குழந்தை பெற நினைக்கும் பெண்கள் முன்கூட்டியே பேசிவிட வேண்டும்.

இன்னொரு காரணம் காசு. 2013 ஏப்ரல் 1ஆம் தேதி உச்ச நீதிமன்றம் நோவார்ட்டிஸின் காப்புரிமைக் கோரிக்கையை நிராகரித்தது. மாதம் ஒரு லட்சத்துக்கும் மேல் விற்ற மருந்தின் ஜெனரிக் அப்போதே பத்தாயிரம் ரூபாய்க்குள் கிடைத்தது. நல்ல தீர்ப்பு, சந்தேகமே இல்லை. ஆனால் மாத்திரை மலிவானதோடு நாம் நின்றுவிட்டோம் என்பது என் கருத்து. மூணு மாசத்துக்கு ஒருமுறை எடுக்க வேண்டிய பிசிஆர் டெஸ்டுக்குப் பலர் இன்னும் கைக்காசுதான் போடுகிறார்கள். அதனால் எடுப்பதே இல்லை. இது பிபி மாத்திரை கொடுத்துவிட்டு பிரஷரே பார்க்காமல் அனுப்புவது மாதிரி. கைனேஸில் டி315ஐ என்ற மாற்றம் வந்துவிட்டால் இமாட்டினிப் மட்டுமல்ல, டசாட்டினிப், நிலோட்டினிப்கூட வேலை செய்யாது. பொனாட்டினிப் போன்ற வேறு மருந்துக்குப் போகணும். டெஸ்ட் இல்லாமல் அது எப்படித் தெரியும்? மாத்திரையை இலவசமாகத் தரும் எந்தத் திட்டமும் இந்த டெஸ்டையும் சேர்த்தே தர வேண்டும்.

"நிறுத்தினாலும் நோய் வரலைன்னு யூடியூப்ல பார்த்தேன்." பொய் இல்லை. இரண்டு வருடத்துக்கு மேல் பிசிஆரில் நோய் தெரியாமலே இருந்தவர்களை வைத்து பிரான்சில் நிறுத்திப் பார்த்தார்கள். சுமார் 40 சதவீதம் பேருக்குத் திரும்பவில்லை. ஆனால் நிறுத்தியபின் ஆரம்பத்தில் மாதாமாதம் டெஸ்ட் எடுத்தார்கள், தலைகாட்டியதும் மாத்திரையை மறுபடி ஆரம்பித்தார்கள். நாமாக நிறுத்துவதும் அதுவும் ஒண்ணு இல்லை.

"எங்க மாமாவுக்கு நுரையீரல் கேன்சர், இந்த மாதிரி மாத்திரை தரலாமா?" என்று கமெண்டில் வரும். ஈஜிஎஃப்ஆர் போன்ற ஜீன் மாற்றம் இருந்தால் அதற்கென்று வேறு கைனேஸ் மாத்திரைகள் இருக்கு. டெஸ்டில் அந்த மாற்றம் இல்லையென்றால் ஈஜிஎஃப்ஆர் மாத்திரை வாங்குவது வீண்செலவு.

சி.எம்.எல். இருப்பவர்கள் அடுத்த விசிட்டில் ரிப்போர்ட்டைக் கையில் வாங்கி 'ஐஎஸ்' சதவீதத்தைப் பாருங்க. மூணு மாசத்தில் 10க்குள், ஆறு மாசத்தில் 1க்குள், ஒரு வருஷத்தில் 0.1க்குள் இறங்கியிருக்கணும். இல்லைன்னா "ஏன் இறங்கல?"ன்னு உங்க டாக்டரைக் கேளுங்க. மாத்திரை விட்டுப்போயிருந்தா அதையும் சொல்லிடுங்க, திட்ட மாட்டாங்க.