எச்சரிக்கை மாவட்டத்துக்கு, வெள்ளம் காலனிக்கு

"அடுத்த 3 மணி நேரத்தில் இடி மின்னலுடன் கூடிய மழைக்கு வாய்ப்பு" என்ற செய்தியை நாம் எல்லோரும் செல்பேசியில் பார்த்திருக்கிறோம். அதில் பத்துப் பதினைந்து மாவட்டங்களின் பெயர்கள் இருக்கும். நம் காலனியின் பெயர் இருக்காது.

அதற்கு அறிவியல் காரணம் ஒன்று உண்டு. இடிமழை மேகம் ஒன்றிரண்டு மணி நேரத்தில் திரண்டு, சில கிலோமீட்டர் பரப்பில் கொட்டிவிட்டுக் கலைந்துவிடும். புயலைப் போல நாட்கணக்கில் முன்கூட்டி அதன் பாதையைச் சொல்ல முடியாது. 2021 டிசம்பர் 30 அன்று சென்னை ஒரே பிற்பகலில் தத்தளித்தது. அவ்வளவு மழையை வானிலை மையத்தாலேயே முன்கூட்டிச் சொல்ல முடியவில்லை. கூடுதல் ரேடார்கள் வேண்டும் என்ற கோரிக்கை நியாயமானது.

ஆனால், மழை எங்கே கொட்டும் என்று அறியத்தான் ரேடார் தேவை. கொட்டிய தண்ணீர் எந்தத் தெருவுக்கு ஓடும் என்பது கிராம நிர்வாக அலுவலருக்குத் தெரியும். ஊர்த்தெரு மேட்டில் இருக்கும். ஏரியின் கலங்கலுக்குக் கீழே, ஓடைக்கு அந்தப் பக்கம், பள்ளத்தில் சேரி இருக்கும். அந்த இடத்தை நம் பாட்டன் பூட்டன் விரும்பித் தேர்ந்தெடுக்கவில்லை. சாதி ஒதுக்கிய பள்ளத்திலேயே பல இடங்களில் அரசும் பட்டா கொடுத்தது.

2019 டிசம்பர் 2, விடிவதற்கு முன், மேட்டுப்பாளையம் நடூரில் கனமழையில் சுமார் 20 அடி உயரச் சுற்றுச்சுவர் இடிந்து அருந்ததியர் குடியிருப்பின் மேல் விழுந்தது. தூங்கிக்கொண்டிருந்த 17 பேர் இறந்தார்கள். அந்தச் சுவர் ஆபத்தானது என்று குடியிருப்பு மக்கள் முன்பே சொல்லிவந்தார்கள். அதுவும் ஒரு முன்னறிவிப்புதான். அதைக் கேட்கத்தான் ஆளில்லை.

கணக்கிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. 24 மணி நேரத்தில் 6.45 செ.மீ. பெய்தால்தான் அது கனமழை, 20.44 செ.மீ. தாண்டினால் அதிகனமழை. ஒரு நாளில் மொத்தம் 5 செ.மீ. பெய்தால் பட்டியலில் அது மிதமான மழை. அந்த 5 செ.மீ. ஒரே மணி நேரத்தில் கொட்டினால், வடிகால் இல்லாத காலனியில் அடுப்பு மூழ்கிவிடும்.

திடீர் வெள்ள அபாயத்தைச் சில மணி நேரம் முன்பே சொல்லும் வழிகாட்டல் அமைப்பை இந்திய வானிலை ஆய்வுத் துறை 2020 முதல் தெற்காசிய நாடுகளுக்காக நடத்திவருகிறது. அந்த நேரம் போதும், தகவல் வந்து சேர்ந்தால். கைக்குழந்தையையும் முதியவரையும் ரேஷன் அட்டையையும் மேட்டுக்குக் கொண்டுபோய்விடலாம். யார் வந்து சொல்வது என்பதுதான் கேள்வி. ஊருக்குச் செய்தி சொல்லத் தலைமுறை தலைமுறையாக நம் ஆட்களைத்தான் தண்டோரா போட வைத்தார்கள். 2022இல் தமிழ்நாடு அரசு அதற்குத் தடை விதித்தது சரியான முடிவு. சேரிக்குச் செய்தி சொல்லும் கடமையை மட்டும் யார் தலையிலும் இன்னும் ஏற்றவில்லை.

நிவாரணத்திலும் இழப்பீட்டிலும் சாதிப் பாகுபாடு கூடாது என்கிறது 2005ஆம் ஆண்டு பேரிடர் மேலாண்மைச் சட்டத்தின் 61ஆவது பிரிவு. அது வெள்ளம் வந்த பிறகு. வருவதற்கு முன் எச்சரிக்கை சேரிக்கு வந்து சேராததும் பாகுபாடுதான் என்கிறோம் நாம்.

நாம் கேட்பவை எளியவை. ஊராட்சியின் வெள்ள அபாய வரைபடத்தில் ஒவ்வொரு காலனியையும் குறிக்க வேண்டும். காலனிக்குள் மழைமானியும் ஒலிபெருக்கியும் வேண்டும். எச்சரிக்கை வந்ததும் அறிவிக்க வேண்டியவர் யார் என்பதை எழுத்தில் வைக்க வேண்டும். ஊர்த்தெருப் பள்ளியின் சாவி யாரிடம், நம் குடும்பங்கள் அங்கே தங்குவதற்கு யார் பொறுப்பு என்பதை மழைக்கு முன்பே முடிவு செய்ய வேண்டும். மேட்டு நிலத்தில் மாற்று மனை வேண்டும், பிழைப்புக்குப் பக்கத்திலேயே. கூவம் கரையில் இருந்தவர்களைப் பெயர்த்துப் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தை ஒட்டிய பெரும்பாக்கத்தில் கொண்டுபோய் வைத்தார்களே, அப்படி வேண்டாம்.

வடகிழக்குப் பருவமழைக்குச் சற்று முன்னால் அக்டோபர் 2 கிராம சபை வருகிறது. தண்ணீர் எந்த வழியாக வரும், எந்தச் சுவர் சாயும், எந்த வீட்டில் நடக்க முடியாதவர் இருக்கிறார் என்பதை நாமே எழுதி எடுத்துச் செல்வோம். தீர்மானமாகப் பதியச் சொல்வோம். நகலைக் கையில் வாங்காமல் திரும்ப வேண்டாம்.