போர்வை உபதேசம்!



பனி பெய்யும் நாடு பிரிட்டன். அங்கே வெப்பமும் வெந்நீரும் ஆடம்பரமல்ல. உப்பைப் போல, உணவைப் போல, அன்றாடத் தேவை! அந்நாட்டில் எரிவாயுக் குழாய் எட்டிப்பாராத வீடுகள் உண்டு. சமையலுக்கு மின்சாரம், குளியலுக்கு மின்சாரம், குளிர் காயவும் மின்சாரம். அவ்வீடுகளில் வாழும் எளியோரை நோக்கி எட்டுத் திக்கிலிருந்தும் உபதேசம் கிளம்புகிறது: "சிக்கனமாக இருங்கள்! கம்பளியைப் போர்த்துங்கள்! குளியல் நேரத்தைக் குறையுங்கள்!"

நல்ல மொழிதான். ஆனால் ஒரு கேள்வி. மின்சார வீட்டை அந்த எளியவன் தேடிச் சென்றானா? அல்லது அது அவன் தலையில் கட்டப்பட்டதா?

1968 மே 16. கிழக்கு இலண்டனில் ரோனன் பாயிண்ட் எனும் 22 மாடிக் கட்டடம். 18ஆம் மாடியில், விடியற்காலையில், தேநீர் வைக்க ஒரு பெண்மணி நெருப்புக்குச்சியைக் கிழித்தார். கசிந்திருந்த வாயு வெடித்தது. கட்டடத்தின் ஒரு மூலை முழுவதும் சரிந்தது. நால்வர் மாண்டனர். அதன்பின், அதே முறையில் எழுப்பிய கட்டடங்கள் பலவற்றிலிருந்து எரிவாயு வெளியேறியது, மின்சாரம் குடியேறியது. உயிர் காக்கச் செய்த ஏற்பாடு; குறை கூறவில்லை. ஆனால், உறுதியற்ற சுவரை எழுப்பியவன் ஒருவன், அதற்காக ஆயுளெல்லாம் கட்டணம் கட்டுபவன் மற்றொருவன் என்பது என்ன நீதி?

கணக்கைப் பாருங்கள். ஆஃப்ஜெம் எனும் ஒழுங்குமுறை அமைப்பு 2025 ஜூலை முதல் செப்டம்பர் வரை விதித்த உச்சவரம்பின்படி, சராசரியாக மின்சாரம் யூனிட்டுக்கு 25.73 பென்ஸ், எரிவாயு 6.33 பென்ஸ். நான்கு மடங்கு! 120 லிட்டர் நீரை 10 பாகையிலிருந்து 60 பாகைக்குச் சூடேற்ற ஏறத்தாழ 7 யூனிட் வேண்டும். மின்சாரத்தில் அதன் விலை 1 பவுண்டு 80 பென்ஸ். எரிவாயுக் கொதிகலன் வைத்திருப்பவனுக்கோ, வீணாவதையும் சேர்த்து, 50 பென்ஸ்தான். ஒரே நீர், ஒரே சூடு, ஒரே ஊர். விலை மட்டும் வேறு!

சிக்கனம் வேண்டாமென்று சொல்கிறோமா? இல்லை! வெந்நீர்த் தொட்டிக்குத் தடித்த உறை போடட்டும். தொட்டியின் சூட்டை 60 பாகையில் நிறுத்தட்டும். அதற்குக் கீழே இறக்கினால் நோய்க்கிருமி வளரும். 1978இல் வந்த எகானமி 7 திட்டத்தில், இரவு ஏழு மணி நேரம் மலிவு விலை. அந்நேரத்தில் சேமிப்பு ஹீட்டரின் உள்ளிருக்கும் செங்கற்களைச் சூடேற்றிக்கொள்ளட்டும். வெப்பத்தை வெளிவிடும் திருகை இரவில் மூடிவைக்கட்டும். கதவிடுக்கை அடைக்கட்டும். "அதிசய ஹீட்டர், பாதிச் செலவு" என்று கூவுவோரிடம் ஏமாறாதிருக்கட்டும். எந்தக் கம்பிச்சுருள் ஹீட்டரும் ஒரு யூனிட் மின்சாரத்துக்கு ஒரு யூனிட் வெப்பம்தான் தரும்.

இத்தனையும் செய்த பின்னர்? மாலை வருமுன் செங்கல் ஆறிவிடுகிறது. குழந்தை நடுங்குகிறது. பகல் விலையில் ஹீட்டரைப் போடுகிறாள் தாய். எகானமி 7 திட்டத்திலோ பகல் விலை, சாதாரண விலையைவிடவும் அதிகம்! சிக்கனத்தின் எல்லை அங்கே முடிகிறது. அரசின் பொறுப்பு அங்கே தொடங்குகிறது.

வழி இல்லாமலா போயிற்று? வெளிக்காற்றிலுள்ள வெப்பத்தை இழுத்து வீட்டுக்குள் சேர்க்கும் வெப்ப பம்பு, ஒரு யூனிட் மின்சாரத்துக்கு ஏறத்தாழ மூன்று யூனிட் வெப்பம் தருகிறது. அதைப் பொருத்த வேண்டியவர் யார்? வீட்டுக்காரர். கட்டணம் கட்டுபவர் யார்? குடியிருப்பவர்.

"ஐயா, பம்பு பொருத்துவீர்களா?"

"எனக்கென்ன இலாபம்?"

"குளிர்கிறதே!"

"போர்வை இருக்கிறதே!"

நாடகமல்ல தோழர்களே, நடப்பு இது!

அரசு செய்ததென்ன? காற்றாலைக்கும் கதிரொளிக்கும் ஊக்கமளிக்க 2002இல் ஒரு சுமை, 2010இல் மற்றொரு சுமை. இரண்டையும் ஏற்றியது மின்சாரக் கட்டணத்தின் முதுகில். பலன் பெரிது, 2024 செப்டம்பர் 30 அன்று அந்நாட்டின் கடைசி நிலக்கரி மின்நிலையம் மூடப்பட்டது. போற்றுகிறோம்! ஆனால் தூய காற்றைச் சுவாசிப்போர் அனைவரும்; அதிகம் கப்பம் கட்டுவோர், மின்சாரத்தை மட்டுமே நம்பிய எளியோர்! புகையும் எரிவாயுவுக்குச் சலுகை, புகையாத மின்சாரத்துக்குத் தண்டனை! "சுமையை இறக்கினால் பணத்துக்கு எங்கே போவது?" என்பர். மாளிகையில் வாழ்பவனிடம் அதிகமும் மாடிக்குடிலில் வாழ்பவனிடம் குறைவாகவும் திரட்டத் தெரிந்த கருவூலம் எதற்கு இருக்கிறது?

2025 நவம்பர் வரவுசெலவுத் திட்டத்தில் உண்மை ஒப்புக்கொள்ளப்பட்டது. 2002ஆம் ஆண்டுச் சுமையில் வீடுகள் தாங்கும் பங்கின் முக்கால் பகுதியை, 2026 ஏப்ரல் முதல் மூன்றாண்டுகளுக்குக் கருவூலம் ஏற்கும் என்று அறிவித்தார்கள். வரவேற்கிறோம். ஆனால் மூன்றாண்டுக்குப் பின் பனி பெய்யாதா? நீதிக்குத் தவணை உண்டா?

முழுச் சுமையையும் நிரந்தரமாக இறக்குக! வாடகை வாங்குபவரே வெப்பத்துக்கு வழி செய்யச் சட்டம் இயற்றுக! அதன் பிறகு வந்து சிக்கனம் பேசுக, செவிமடுப்போம். அதுவரை, உபதேசம் செய்வோர் தம் போர்வையைத் தாமே போர்த்திக்கொள்ளட்டும்!