ஹைதிக்குத் தரவேண்டியது பாக்கி

மாண்புமிகு பிரெஞ்சுக் குடியரசுத் தலைவர் இம்மானுவேல் மக்ரோன் அவர்களுக்கு,

1825 ஏப்ரல் 17 அன்று பத்தாம் சார்லஸ் மன்னர் கையெழுத்திட்ட ஆணை, ஹைதி என்ற இளம் நாட்டின் விடுதலைக்கு விலை வைத்தது என்று, இருநூறு ஆண்டுகள் கழித்து அதே நாளில் நீங்கள் ஒப்புக்கொண்டீர்கள். இரு நாட்டு வரலாற்றறிஞர்களும் சேர்ந்த குழு ஒன்றையும் அறிவித்தீர்கள். அதை மனமார மதிக்கிறேன். ஆனால் பணத்தைத் திருப்பித் தருவது பற்றி நீங்கள் எந்த வாக்கும் கொடுக்கவில்லை. குழுவின் அறிக்கைக்கு 2026 இறுதி வரை அவகாசம். உங்கள் பதவிக்காலமோ 2027 மே மாதத்தோடு முடிகிறது. இடையில் இருக்கும் சில மாதங்களில், பிரான்ஸ் இனி ஹைதிக்குத் தருவதை என்ன பெயரில் தரப்போகிறது என்று நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும். அதை ‘உதவி’ என்று எழுதிவிடாதீர்கள் என்று கேட்கவே இந்த மடல்.

பிரெஞ்சுக் குடியேற்றமாக இருந்த ஹைதியில் 1791-ல் கிளர்ந்தெழுந்த அடிமைகள் நெப்போலியன் அனுப்பிய படையையும் முறியடித்து, 1804 ஜனவரி முதல் நாள் தங்கள் நாட்டின் விடுதலையை அறிவித்தார்கள். 1825 ஜூலையில் 14 பிரெஞ்சுப் போர்க்கப்பல்கள், ஐந்நூறுக்கும் மேற்பட்ட பீரங்கிகளோடு, போர்ட்-ஓ-பிரின்ஸ் கடலுக்கு வந்தன. கேட்ட தொகை 15 கோடி பிராங்க், ஐந்து தவணைகளில். பறிபோன தோட்டங்களுக்காக மட்டுமல்ல, பறிபோன அடிமைகளுக்காகவும் பண்ணை முதலாளிகளுக்கு நட்டஈடு. தங்கள் உடம்புக்கான விலையை விடுதலை பெற்றவர்களே கட்ட வேண்டியிருந்தது. முதல் தவணை 3 கோடி. அதற்கே வழியில்லாமல் பாரிஸ் வங்கியாளர்களிடம் 3 கோடிக்குக் கடன்பத்திரம் எழுதிக் கொடுத்தது ஹைதி. கைக்கு வந்தது 2.4 கோடி. கந்துவட்டிக்காரர் முன்வட்டியைக் கழித்துக்கொண்டு மீதியை எண்ணிக் கொடுப்பது எங்கள் ஊர்ச் சந்தைகளில் எல்லாருக்கும் தெரிந்த வழக்கம்தான். ஒரு நாட்டிடமே அதைச் செய்தார்கள். 1838-ல் மொத்தத் தொகை 9 கோடியாகக் குறைந்தது. ஆனால் நட்டஈடு, அதைக் கட்ட வாங்கிய கடன், அந்தக் கடனை அடைக்க வாங்கிய வேறு கடன் என்று நீண்ட சங்கிலி 1947-ல்தான் அறுந்தது. இவ்வளவையும் சுமந்தவை காபிச் செடிகள். காபி ஏற்றுமதி வரிதான் அந்நாட்டுக் கருவூலத்தின் முதுகெலும்பு. 1826-ல் வந்த கிராமப்புறச் சட்டம் விவசாயிகளை நிலத்தை விட்டு நகர விடாமல் கட்டிப்போட்டது. பள்ளிக்கூடத்துக்கும் சாலைக்கும் போயிருக்க வேண்டிய பணம் கப்பலேறியது. இப்படிப் போனது இன்றைய மதிப்பில் ஏறத்தாழ 56 கோடி டாலர் என்று நியூயார்க் டைம்ஸ் நாளிதழ் 2022-ல் கணக்கிட்டது. அந்தப் பணம் நாட்டிலேயே இருந்து பெருகியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்ற கணக்கு இதைவிடப் பல மடங்கு.

பெயரில் என்ன இருக்கிறது, பணம் போய்ச் சேர்ந்தால் போதாதா என்று உங்கள் அதிகாரிகள் சொல்லக்கூடும். எல்லாமே அந்தப் பெயரில்தான் இருக்கிறது. பாக்கியைத் திருப்பிக் கொடுப்பவர், வாங்குபவரிடம் ‘இதை எப்படிச் செலவழிப்பாய்’ என்று கேட்க முடியாது. உதவி செய்பவர் கேட்கலாம். நிபந்தனை போடலாம், பாதியில் நிறுத்தலாம், நன்றியையும் எதிர்பார்க்கலாம். 2010 ஜனவரி 12 நிலநடுக்கத்துக்குப் பிறகு நடந்தது இதுதான். ஏறத்தாழ 240 கோடி டாலர் அவசர உதவியில் ஹைதி அரசின் கையில் சேர்ந்தது சுமார் ஒரு விழுக்காடு. மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கொடையாளி நாடுகளின் சொந்தத் துறைகளுக்கும் படைகளுக்குமே போனது. மீட்புப் பணிகளை ஒருங்கிணைக்கும் கூட்டங்கள் விமான நிலையத்தை ஒட்டிய ஐ.நா. வளாகத்தில், பெரும்பாலும் ஆங்கிலத்தில் நடந்தன. நாடு முழுக்கப் பேசுவது கிரெயோல். அந்த ஊரின் தெருவும் சந்தும் தெரிந்த உள்ளூர் அமைப்புகள் வாயிலுக்கு வெளியே நின்றன. அதே மாதக் கடைசியில், தொண்டு செய்ய வந்ததாகச் சொன்ன பத்து அமெரிக்கர்கள், 33 குழந்தைகளை உரிய ஆவணம் இல்லாமல் எல்லை தாண்டி அழைத்துப்போக முயன்று பிடிபட்டார்கள். அந்தக் குழந்தைகளுக்குப் பெற்றோர் உயிரோடு இருந்தது பிறகு தெரியவந்தது. அவர்கள் மனத்தில் கெட்ட எண்ணம் இருந்தது என்று நான் சொல்லவில்லை. ஒரு நாட்டின் பிள்ளைகளுக்கு எது நல்லது என்று அந்த நாட்டைக் கேட்காமலே முடிவெடுக்கலாம் என்ற நம்பிக்கை எங்கிருந்து வந்தது என்பதே என் கேள்வி.

அர்த்திபோனித் ஆற்றைக் கொஞ்சம் பாருங்கள். ஹைதியின் நெற்களஞ்சியம் அதன் பள்ளத்தாக்கு. 1995-ல் வெளியார் நெருக்கடியில் அரிசி இறக்குமதி வரி வெறும் 3 விழுக்காடாகக் குறைக்கப்பட்டது. மானியத்தில் விளைந்த அமெரிக்க அரிசி வந்து குவிந்தது. மக்கள் அதற்கு ‘மியாமி அரிசி’ என்றே பெயர் வைத்தார்கள். உள்ளூர் நெல்லுக்கு விலையில்லை. அந்தக் கொள்கை தவறு, அது தன் சொந்த மாநில விவசாயிகளுக்குத்தான் பயன்பட்டது என்று முன்னாள் அமெரிக்க அதிபர் பில் கிளிண்டன் 2010 மார்ச்சில் அமெரிக்க செனட் குழுவின் முன் ஒப்புக்கொண்டார். அதே ஆண்டு அக்டோபரில், மிர்பலே ஊருக்கு அருகே நேபாள வீரர்கள் தங்கியிருந்த ஐ.நா. அமைதிப்படை முகாமின் கழிவு ஓர் ஓடையில் கலந்தது. ஓடை அர்த்திபோனித்தில் சேர்ந்தது. ஆற்றில் குளித்தவர்கள், அதன் நீரைக் குடித்தவர்கள், முழங்கால் அளவு வயல்நீரில் நின்று வேலை செய்தவர்கள் காலராவில் சாய்ந்தார்கள். எட்டு லட்சம் பேருக்கு மேல் நோய். ஏறத்தாழ பத்தாயிரம் பேர் சாவு. நேபாள வீரர்களைக் குறை சொல்லிப் பயனில்லை, அவர்களும் ஏழை நாட்டுப் பிள்ளைகள்தான். முகாமின் கழிவைக் கவனிக்காததும், பிறகு ஆண்டுக்கணக்கில் மறுத்ததும் நிறுவனத்தின் குற்றம். 2016 டிசம்பரில் ஐ.நா. பொதுச்செயலர் பான் கி மூன் மன்னிப்புக் கேட்டார். ஆனால் சட்டப் பொறுப்பை ஐ.நா. ஏற்கவில்லை. 40 கோடி டாலர் திட்டம் ஒன்றை அறிவித்து, நாடுகள் விரும்பினால் நன்கொடை தரலாம் என்றது; சேர்ந்தது அதில் சிறு பகுதியே. தன் கையால் விளைந்த சாவுக்குத் தரவேண்டிய நட்டஈடு, பார்த்துக்கொண்டிருக்கும்போதே நன்கொடையாக உருமாறி, பிறகு காணாமலும் போனது. நீங்கள் அதே வழியில் போய்விடக்கூடாது.

உங்கள் பக்கத்து மறுப்புகளை அறிவேன். அன்றைய மன்னரின் செயலுக்கு இன்று வரி கட்டும் பிரெஞ்சுக் குடிமக்கள் ஏன் பொறுப்பாக வேண்டும் என்பது முதலாவது. நியாயமான கேள்விதான். ஆனால் 1880-ல் காபிக்கு வரி கட்டிய ஹைதி விவசாயி 1825-ல் எதிலும் கையெழுத்திட்டவர் அல்லர். அரசு தொடர்வது, அதனால் கடனும் தொடர்வது என்று சொல்லித்தான் தலைமுறை தலைமுறையாக வாங்கினார்கள். வாங்கும்போது இருந்த விதி கொடுக்கும்போதும் இருக்க வேண்டும். இதற்கு இணங்கினால் மற்றக் குடியேற்ற நாடுகளும் வரிசையில் வந்து நிற்கும் என்பது இரண்டாவது. வரட்டும், ஒவ்வொன்றையும் அதனதன் ஆதாரத்தோடு கேளுங்கள். ஹைதியின் வழக்கில் தொகையும் தவணையும் பெற்றவர் பட்டியலும் உங்கள் நாட்டு ஏடுகளிலேயே இருக்கின்றன. மூன்றாவது மறுப்புதான் கனமானது. 2024 நவம்பரில் ரியோவில், ஹைதியைக் கொன்றவர்கள் ஹைதி மக்களே என்று நீங்கள் சொன்னது பதிவாகியிருக்கிறது. தலைநகரின் பெரும்பகுதி ஆயுதக் கும்பல்களின் பிடியில் இருப்பதும், அந்நாட்டு மேல்தட்டின் ஊழலும் உண்மை. அங்கே சர்வாதிகாரம் நடத்திய துவாலியர் குடும்பம் சுரண்டியதை மறைக்க யாரும் கேட்கவில்லை. ஆனால் கடன்பட்டவர், கொடுத்தவர் வீட்டில் சண்டை நடக்கிறது என்று சொல்லிக் கடனை இல்லையென்று ஆக்க முடியாது. எப்போது, யாரிடம், எந்த வழியில் தருவது என்று பேசலாம், அவ்வளவுதான். பாக்கி இருக்கிறது, இவ்வளவு என்று ஒப்புக்கொள்வதற்கு ஹைதியில் தேர்தல் முடியும்வரை காத்திருக்கத் தேவையில்லை.

பெயரை மாற்றினால் என்ன ஆகும் என்பதற்கு நமீபியா கண்முன் இருக்கிறது. 2021-ல் ஜெர்மனி அங்கே தான் நடத்திய இனப்படுகொலையை ஒப்புக்கொண்டது. 30 ஆண்டுகளில் 110 கோடி யூரோ தருவதாகவும் சொன்னது. இழப்பீடு என்ற சொல்லை மட்டும் தவிர்த்து, வளர்ச்சி உதவி என்று வைத்தது. அந்தப் படுகொலைக்கு ஆளான ஹெரேரோ, நாமா மக்களின் தலைவர்கள் பலர் அதை ஏற்கவில்லை. பிரான்ஸுக்கும் இந்தப் பழக்கம் உண்டு. 2010 பிப்ரவரியில் ஹைதிக்குப் போன அன்றைய குடியரசுத் தலைவர் சார்கோசி, ஹைதி பிரான்ஸுக்குத் தரவேண்டிய 5.6 கோடி யூரோ கடனைத் தள்ளுபடி செய்வதாக அறிவித்தார். யார் யாருக்குக் கடன்பட்டவர் என்ற கணக்கு எவ்வளவு தலைகீழாகக் கிடக்கிறது என்று அன்றே தெரிந்தது. 2015 மே மாதம் கரீபியத்தில் உள்ள பிரெஞ்சுப் பகுதியான குவாதலூப்பில், அவருக்குப் பின் வந்த ஒல்லாந்த், தான் ஹைதிக்குப் போகும்போது தன் பங்குக்கு அந்நாட்டுக்கான கடனைத் தீர்ப்பேன் என்றார். சில மணி நேரத்துக்குள், அது தார்மிகக் கடனைத்தான் குறித்தது என்று அவருடைய அலுவலகம் விளக்கம் தந்தது.

அந்தக் குவாதலூப் எங்களுக்கு அந்நிய மண் அல்ல. 1848-ல் அடிமை முறையை ஒழித்த பிரான்ஸ், அடுத்த ஆண்டே சட்டம் இயற்றி முதலாளிகளுக்கு நட்டஈடு கொடுத்தது. அடிமைகளுக்கு ஒரு காசு இல்லை. காலியான கரும்புத் தோட்டங்களை நிரப்ப 1853 முதல் புதுச்சேரியிலிருந்தும் காரைக்காலிலிருந்தும் தமிழர்களைக் கப்பலில் ஏற்றி மார்த்தினிக்கிலும் குவாதலூப்பிலும் இறக்கினார்கள். அவர்கள் வழிவந்தவர்கள் இன்று உங்கள் குடிமக்கள். ஆகவே இதை யாரோ ஒருவரின் வழக்காகப் பார்த்து எழுதவில்லை.

நான் கேட்பவை இவை. குழுவின் அறிக்கை வருமுன்பே, அது சொல்லும் தொகையைத் திருப்பித் தரவேண்டிய பாக்கியாகவே பிரான்ஸ் ஏற்கும் என்று அறிவியுங்கள். அந்தத் தொகையை வளர்ச்சி உதவிக்கான நிதியிலிருந்து எடுக்காமல் தனித் தலைப்பில் நாடாளுமன்றத்தின் முன் வையுங்கள். அதை எங்கே, எப்படிச் செலவிடுவது என்ற முடிவில் கொடையாளிகளுக்கு நாற்காலி போடாதீர்கள். ஹைதியின் விவசாயச் சங்கங்களும் ஆசிரியர்களும் மருத்துவர்களும் அமர்ந்து முடிவு செய்யட்டும். அறிக்கையைப் பிரெஞ்சில் வெளியிடும் அன்றே கிரெயோலிலும் அச்சிட்டு, அர்த்திபோனித் கரையில் இருக்கும் பள்ளிக்கூடங்கள் வரை அனுப்பிவையுங்கள்.

இப்படிக்கு,
புதுச்சேரியிலிருந்து ஒரு குடிமகன்