பிடி... விடு!

மீனைத் தூண்டில் போட்டுப் பிடிப்பது, அழகு பார்ப்பது, திரும்பத் தண்ணீரிலேயே விட்டுவிடுவது. இப்படி ஒரு விளையாட்டு இருக்கிறது ஸார். ஆம்பூரில் இதை விளக்குவது ரொம்பக் கஷ்டம். பிரியாணி வரவழைத்து, மோந்து பார்த்துவிட்டு, "எடுத்துட்டுப் போப்பா" என்பது மாதிரி!

இந்த விளையாட்டின் செல்லப்பிள்ளை டிரவுட். குளிர்ந்த ஓடை மீன். 1863-ல் பிரான்சிஸ் டே அதை நீலகிரிக்குக் கொண்டுவரப் பார்த்தார், பலிக்கவில்லை. பிறகு வில்சன் துரை விடாப்பிடியாக நின்று, 1907-ல் அவலாஞ்சியில் குஞ்சு பொரிப்பகமே கட்டிவிட்டார். பொழுதுபோக்குக்காக ஒரு மீனைக் கடல்தாண்டி வரவழைத்தவர்கள்!

பிடிப்பதைவிட விடுவதில்தான் வித்தை. தூண்டில் முள்ளில் எதிர்ப்பக்கமாக ஒரு குட்டி முள் நீட்டிக்கொண்டிருக்கும். அதை இடுக்கியால் நசுக்கிவிட்டால் மீன் வாயிலிருந்து அலுங்காமல் கழன்றுவிடும். தண்ணீருக்குள் வைத்தே கழற்றுவது உத்தமம். போட்டோ எடுத்தே தீருவேன் என்றால், அதுவரை நீங்களும் மூச்சை அடக்கிக்கொள்ளுங்கள். அவஸ்தை புரியும். செவுளைத் தொடாதீர்கள், வயிற்றை அமுக்காதீர்கள். தலையை நீரோட்டத்துக்கு எதிராகப் பிடித்து, அதுவாக வாலடித்து நழுவும்வரை, மகளை பஸ் ஏற்றிவிட வந்த அப்பா மாதிரி காத்திருக்க வேண்டும்.

தண்ணீர் 20 டிகிரியைத் தாண்டினால் தூண்டிலையே எடுக்கக் கூடாது. சூடு ஏற ஏறத் தண்ணீரில் பிராணவாயு குறையும். போராடிக் களைத்த மீனை விட்டுவிட்டு நாம் பெருமையாக வீடு திரும்புவோம். அது அடுத்த வளைவில் மல்லாந்து கிடக்கும். பி.காம். பாஷையில், வாராக்கடனை வரவில் எழுதுவது.

எல்லாவற்றுக்கும் முன்னால், கையை நனைத்துக்கொள்ள வேண்டும். மீன் மேல் இருக்கும் வழவழப்புதான் அதன் கவசம். உலர்ந்த கையோ துண்டோ பட்டால் அது உரிந்துவிடும். அந்த இடத்தில் பூசணம் பிடிக்கும்.

இதைத் தோல் தரம் பிரிக்கும் பாய் ஒருவரிடம் சொன்னேன். மற்றதற்கெல்லாம் சிரித்தவர் இதற்கு நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"ஆட்டுத் தோல்ல முள்ளு கீறியிருந்தாலே தரம் இறங்கிடும் ஸார். இது உசிரோட இருக்கற தோலாச்சே! நம்ம பாலாத்துல இந்த ஆட்டம் ஆடலாமா?"

பாலாறு! தோல் கழிவு வழக்கில், கெடுத்தவர்களே சீர்செய்யும் செலவையும் ஏற்க வேண்டும் என்று 1996-ல் சுப்ரீம் கோர்ட் சொன்னது. சட்ட மாணவர்களுக்கு அது பாடம். அதே ஆற்றுக்காக, அதே கோர்ட், 2025 ஜனவரியில் மறுபடி தீர்ப்புச் சொல்ல வேண்டியிருந்தது.

"டிரவுட் நம்ம வெயில் தாங்காது பாய்" என்று மழுப்பினேன்.

"டிரவுட் வேணாம், கெண்டை போதும். ஆனா மீனைத் தொடறதுக்கு முந்தி கையை நனைக்கணும்னீங்களே... அதை எந்தத் தண்ணியில ஸார் நனைக்கறது?"