ஓட்டக் கற்பிக்கிறோமா, ஒப்பேற்றக் கற்பிக்கிறோமா?

கிளட்ச் உள்ள காரைக் குலுங்காமல் ஓட்டும் திறன் சிலருக்கே வாய்க்கும் என்னும் எண்ணம் நம்மிடையே வேரூன்றியுள்ளது. அது பிழை. கற்பவரின் குறை என்று நாம் கூறுவதில் பெரும்பகுதி கற்பிப்பவரின் குறையே என்பது என் துணிபு.

நான் கார் ஓட்டப் பழகிய நாளில், அருகில் அமர்ந்த பயிற்சியாளர் "மெதுவாக விடு, மெதுவாக விடு" என்று முழங்கிக்கொண்டே இருந்தார். எதுவரை விடுவது, விட்டால் உள்ளே என்ன நிகழும் என்று ஒருநாளும் சொன்னாரில்லை. கார் துள்ளியது, எஞ்சின் நின்றது, ஏச்சு மட்டும் நிற்கவில்லை.

அவர் சொல்லாமல் விட்டது மிக எளியது. எஞ்சினோடு சுழலும் சக்கரம் ஒன்று; கியர்ப்பெட்டியோடு இணைந்த தட்டு மற்றொன்று. கிளட்சை மிதித்தால் இரண்டும் பிரியும், விட்டால் சேரும். இடையே அவை உரசத் தொடங்கும் இடம் ஒன்றுண்டு. அங்கு எஞ்சினின் ஒலி சற்றே தாழும். கார் நகர முனையும். அவ்விடத்தில் காலைச் சிறிது நிறுத்தி, வண்டி நகர்ந்தபின் மீதியை விட்டால் குலுக்கம் இராது. சமதரையில், ஆக்சிலரேட்டரைத் தொடாமல், கிளட்சை மட்டும் மெல்ல விட்டு வண்டியை நகர்த்திப் பழகினால் கால் அவ்விடத்தைத் தானே கண்டுகொள்ளும். மேட்டிலும் அதுவே வழி: அவ்விடம் வந்தபின், சிறிது ஆக்சிலரேட்டர் கொடுத்துக் கைப்பிரேக்கைத் தளர்த்த வேண்டும்.

நடப்பது என்ன? "அந்தக் கம்பு இந்தக் கண்ணாடியில் தெரிந்ததும் ஸ்டியரிங்கைத் திருப்பு" என்று தேர்வுக்குக் குறி சொல்லித் தருகிறார்கள். திடலைத் தாண்டினால் கம்பு ஏது? மேட்டில், நெரிசலில், கார் பின்னோக்கி உருண்டால் அங்கே நிற்பது கம்பன்று. மோட்டார்சைக்கிளில் பிள்ளையை ஏற்றி வரும் ஒரு தாய்.

தானியங்கிக் கார் வந்தபின் இவ்வாதம் எதற்கு என்பார் உளர். மலேசியாவில் அதற்கென ‘டிஏ’ உரிமம் உண்டு. அதை நாடுவோரோடு எனக்கு வழக்கில்லை. ஆயின் ‘டி’ உரிமத்திற்குக் கட்டணம் வாங்கியவர் கிளட்சைக் கற்பித்தே தீர வேண்டும்.

ஆசிரியப் பெருமக்களே! பயிற்சியாளரைப் பழிப்பதோடு நாம் நின்றுவிடலாகாது. வல்லினம் மிகும் இடங்களைப் பட்டியலாக மனனம் செய்வித்து, ஏன் மிகுகிறது என்று விளக்காமல் விட்டவர் நம்முள் எத்தனை பேர்? ஆறாம் ஆண்டின் யு.பி.எஸ்.ஆர். தேர்வு 2021இல் நீக்கப்பட்டது. தேர்வுக்கென்றே கற்பிக்கும் நம் பழக்கம் நீங்கிற்றா?

மாணவர்களே! எஞ்சின் நின்றால் நாணாதீர்கள். "ஏன் நின்றது?" என்று கேளுங்கள். விடை சொல்ல மறுப்பவர், கட்டணம் பெற்றாலும் ஊதியம் பெற்றாலும், ஆசிரியர் ஆகார்.