கால் முந்தினால்...

இடுப்புப் பிடித்துக்கொண்டால், கால் முன்னே வரப் பிறந்த ஒருவரைத் தேடிப்பிடித்து, முதுகில் லேசாக உதைக்கச் சொல்வது வட இந்தியக் கிராமங்களில் பழைய வைத்தியம். ஆனால் பிரசவ அறையில் அந்தக் காலுக்கு இவ்வளவு வரவேற்பு இல்லை.

தலைக்குப் பதில் பிட்டமோ காலோ முந்தும் நிலைக்கு 'பிரீச்' என்று பெயர். 28 வாரத்தில் ஏறக்குறைய நான்கில் ஒரு குழந்தை இப்படித்தான் இருக்கிறது. பெரும்பாலானவை தாமே குட்டிக்கரணம் போட்டுத் திரும்பிவிடுகின்றன. நிறைமாதத்தில் மிஞ்சுவது 3 முதல் 4 சதவீதம்.

அதிலும் மூன்று ரகம். பிட்டம் கீழே, கால்கள் நேராக மேலே நீட்டி, பாதம் முகத்தருகே இருப்பது முதல் வகை. அதிகம் காணப்படுவது இதுதான். சம்மணமிட்டு உட்கார்ந்திருப்பது இரண்டாவது. ஒரு காலோ இரு கால்களுமோ கீழே தொங்குவது மூன்றாவது. ஆபத்து அதிகமானதும் இதுவே. பிட்டம் கருப்பை வாயை அடைத்து நிற்கும். மெல்லிய கால் அடைக்காது. பனிக்குடம் உடைந்ததும் அந்த இடைவெளியில் தொப்புள்கொடி நழுவி நசுங்கினால், குழந்தைக்குப் பிராணவாயு கிடைக்காது. எந்த வகையானாலும், உடம்பிலேயே பெரிய பாகமான தலை கடைசியில் சிக்கிக்கொள்ளும் அபாயமும் உண்டு.

2000இல் 26 நாடுகளில் நடந்த ஆய்வின் முடிவு வெளியானது. சுகப்பிரசவத்துக்குத் திட்டமிட்டவர்களில் 5 சதவீதக் குழந்தைகள் இறந்தன அல்லது கடுமையாகப் பாதிக்கப்பட்டன. சிசேரியனுக்குத் திட்டமிட்டவர்களில் 1.6 சதவீதம். அதன்பின் உலகெங்கும் டாக்டர்கள் கத்தியைக் கையில் எடுத்தனர். தேர்ந்த கைகள் இருந்தால் சுகப்பிரசவத்துக்கும் இடமுண்டு என்று 2006இல் பிரான்ஸ், பெல்ஜியம் நாடுகளின் ஆய்வு சொன்னது. அதற்குள் அந்தக் கைகள் குறைந்துவிட்டன. நள்ளிரவில், குழந்தையின் பிட்டம் வெளியே தெரியும் நிலையில் வந்து சேரும் பெண்ணுக்கு ஆபரேஷனுக்கு நேரமிருக்காது. அவளுக்குத் தேவை, பொறுமையாகப் பிரசவம் பார்க்கத் தெரிந்த ஒருவர்.

36 வாரத்துக்குப் பிறகு, வயிற்றின் மேலிருந்து அழுத்திக் குழந்தையைத் திருப்பும் முறையும் உண்டு. ஏறக்குறையப் பாதிப் பேருக்குப் பலிக்கிறது. ஆனால் இது எண்ணெய் தடவி நீவும் பாட்டி செய்யக்கூடிய வேலையல்ல. ஸ்கேனும், குழந்தையின் இதயத்துடிப்பைக் கவனிக்கும் கருவியும், தயார் நிலையில் ஆபரேஷன் தியேட்டரும் வேண்டும். நஞ்சுக்கொடி கீழே இருந்தாலோ ரத்தப்போக்கு இருந்தாலோ தொடவே கூடாது.

ஆகவே 36ஆம் வாரத்தில் கேட்க வேண்டிய கேள்வி ஆணா பெண்ணா என்பதல்ல; தலை எங்கே இருக்கிறது என்பதுதான்.