400 சிசி: கோடு போட்டது ஆர்?

எந்த பைக் விமர்சனத்தைப் பார்த்தாலும் ஒரே கதைதான்: கேடிஎம் 390 டியூக்கா, ட்ரையம்ப் ஸ்பீட் 400-ஆ, எது நல்ல நடுத்தர பைக்? நாங்கள் கேட்கிறது வேற. நடுத்தரம் எண்டு கோடு போட்டது ஆர்?

ஜப்பானில் 400 சிசியைத் தாண்டினால் பெரிய பைக் லைசன்ஸ் வேணும். ஹொண்டாவின் சிபி400 சூப்பர் ஃபோர் 1992 முதல் 2022 வரை அங்க நிண்டுபிடிச்சது சும்மா இல்லை. ஐரோப்பாவின் ஏ2 லைசன்ஸுக்கு சிசி கணக்கில்லை, 35 கிலோவாட் வலுதான் எல்லை. ரோயல் என்ஃபீல்டின் 648 சிசி இன்டர்செப்டர் அதுக்குள்ள அடங்கும். அதே இன்டர்செப்டருக்கு இந்தியாவில் 2025 செப்டெம்பரிலிருந்து 40 வீத ஜிஎஸ்டி. அதே கம்பனியின் 349 சிசி புல்லட்டுக்கு 18 வீதம். இதை விட்டுட்டு டோர்க்கையும் பிரேக்கையும் மட்டும் ஒப்பிட்டால் அது அரை விமர்சனம்.

எங்கட நாட்டில் 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தினாங்கள். திரும்பத் திறந்தது 2025 இல். அந்த இடைவெளி முழுக்க எங்கட பெடியள் இந்திய யூடியூப் பார்த்து, தொட்டே பார்க்காத பைக்குகளுக்காகச் சண்டை பிடிச்சாங்கள். (நாங்களும்தான்.)

விமர்சனம் எழுதுற ஆக்களே, முதல் பந்தியிலேயே சொல்லுங்கோ: எந்த நாட்டு விலை, எவ்வளவு வரி, எந்த லைசன்ஸ், உதிரிப்பாகம் எங்க கிடைக்கும். டொப் ஸ்பீடைப் பிறகு கதைப்பம்.